தை மாதத்து மழைச்சோறு

கொக்கனேந்தல்காரர்களுக்கு மழை பெய்யாவிட்டாலும் கோபம் வரும், பெய்தாலும் கோபம் வரும். ஐப்பசியில் பெய்ய வேண்டியது கார்த்திகைக்குத் தள்ளிப்போனால் வானத்தைப் பார்த்து வைவார்கள். கார்த்திகையில் கொட்டித் தீர்த்தால், விதைத்த கொத்தமல்லி அழுகிப்போகிறதே என்று அதற்கும் வைவார்கள். வானம் எதற்கும் பதில் சொல்வதில்லை என்பதால் வைவதில் ஒரு சுகமும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குப் போன தை மாதக் கடைசியில், வைவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆள் கிடைத்தாள். அவள்தான் தங்கமாரி.

தங்கமாரியின் அம்மா அடுத்தவர் புஞ்சையில் களையெடுத்தே இடுப்பொடிந்தவள். மகள் அந்த வேலைக்குப் போகவில்லை. காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய், ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் சேலை விரித்துக் காட்டி, விரித்ததையெல்லாம் திரும்ப மடித்து வைத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவாள். புருஷன் மாரிச்சாமி குட்டியானை ஓட்டுகிறான். திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் லோடு அடிக்கிற வண்டி. களையெடுப்பு தங்கமாரியை விட்டாலும் களையெடுப்புப் பாட்டு அவளை விடவில்லை. சேலை மடிக்கும்போதுகூட வாய்க்குள் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்டவள் கூட வேலை பார்க்கும் தேவிபிரியா. அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், பதற்றம் வந்தால் இரண்டும் கலந்து வரும். தங்கமாரி கொண்டுவந்த குதிரைவாலிச் சோற்றையும் கானப்பயறுத் துவையலையும் ஒரு மத்தியானம் தின்று பார்த்துவிட்டு, “அக்கா, இத நீங்க பாடிக்கிட்டே செய்யுங்க, நான் வீடியோ எடுக்கேன்” என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான் ‘கரிசச் சட்டி’ என்கிற யூடியூப் சேனல். மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் பார்த்தார்கள். எங்க ஊர்ப் பாட்டு, எங்க அம்மா வச்ச குழம்பு என்று எழுதினார்கள். கொக்கனேந்தல் பெண்களும் ஒவ்வொருவராகக் கேமராவுக்கு முன்னால் வந்தார்கள். கும்மி வந்தது, தாலாட்டு வந்தது, நாத்து நடுகிற பாட்டு வந்தது. எல்லாவற்றிலும் முன் குரல் ஆவுடைத்தாயுடையது. அவள் மாரிச்சாமிக்குப் பெரியப்பா மகள், தங்கமாரிக்கு மதினி முறை. நூறு நாள் வேலைக்குப் போகிறவள். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவள் ஒரு அடி எடுத்துப் பாடினால் மேஸ்திரியும் சேர்ந்து வேலையை நிறுத்திவிடுவார்.

இந்த ஆவுடைத்தாய்தான் மழைச்சோறு வேண்டாம் என்று முதலில் சொன்னவள்.

மழைச்சோறு என்றால் மழைக்காகப் பிச்சை எடுக்கிற சோறு. மழை அடியோடு பொய்த்துப்போன வருஷத்தில் ஊர்ப்பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அகப்பைக் கஞ்சி ஊற்றுவார்கள். எல்லாம் ஒரே பானையில் கலக்கும். காய்ந்து கிடக்கிற கண்மாய்க்குள் போய் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டு, செத்த வீட்டில் அழுவதுபோல மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். இத்தனை பெண்கள் இப்படி அழுதால் எந்த வானம்தான் தாங்கும்? அந்தச் சடங்கு நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. துபாயிலிருந்து ஒருவர், ‘அக்கா, மழைச்சோறு ஒரு தடவை காட்டுங்க, என் பிள்ளைகள் பார்த்ததே இல்லை’ என்று எழுதியிருந்தார். தேவிபிரியாவுக்கு ஆசை வந்துவிட்டது. தங்கமாரிக்கு அதைவிட ஆசை.

“தை மாசத்துலயா?” என்றாள் ஆவுடைத்தாய். “மல்லியப் புடுங்கிப் போட்டிருக்காக. குதிரைவாலி களத்துல கெடக்கு. இப்பப் போயி மழையக் கூப்புடச் சொல்றியே, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“கூப்புடவா போறோம் மதினி? சும்மா நடிப்புதான. சினிமாவுல பொணமா நடிக்கிறவன் செத்தா போறான்?”

ஆவுடைத்தாய் முந்தானையை உதறிச் செருகினாள். பிறகு, “சரி, வாரேன்” என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததே தங்கமாரிக்கு ஆச்சரியம். ஆனால் கிடைத்த சம்மதத்தைத் தோண்டித் துருவி யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

கடை விடுமுறை நாளில் படப்பிடிப்பு நடந்தது. கேமரா வருகிறது என்றதும் ஒரு வீடு மிச்சமில்லாமல் கஞ்சி ஊற்றினார்கள். கும்மிக்கு வருகிற சங்கரம்மாள் இருக்கிற சேலையிலேயே பழசைத் தேடிக் கட்டிக்கொண்டு வந்தாள். கண்மாயின் மேட்டுப் பக்கம் தண்ணீர் வற்றி மண் வெடித்திருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆவுடைத்தாய் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மாரடித்தார்கள்.

‘கரிசக்காடு வெடிச்சிருச்சு, கண்மாயி காஞ்சிருச்சு,
எம்புள்ள மொகங்கழுவ எறவாரத் தண்ணியில்ல,
பொட்டியக் கட்டிக்கிட்டோம், பொழைக்கப் போறோமய்யா,
தடுக்க மனசிருந்தா தண்ணியா வந்து நில்லு.’

சங்கரம்மாள் நிஜமாகவே அழுதாள். தேவிபிரியாவுக்குப் பாதி புரிந்து பாதி புரியாமல் அவளும் அழுதாள். கையிலிருந்த போன் ஆடிப்போய், அந்த ஆட்டமும் வீடியோவில் அப்படியே வந்தது. வீடியோ வெளியான அன்றைக்கு ஊரே போனும் கையுமாக இருந்தது. அவரவர் மூஞ்சியை அவரவர் பார்த்து, “ஏ, நான் இவ்வளவு கறுப்பாவா இருக்கேன்?” என்று கேட்டுக்கொண்டார்கள். மாரிச்சாமியின் சித்தப்பா பால்ச்சாமிகூட, “நல்லாத்தான் எடுத்திருக்கீக” என்று சொல்லிவிட்டுப் போனார். பால்ச்சாமி வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அன்றைக்கு ராத்திரி தங்கமாரி நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த வாரக் கடைசியில், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் கிழக்கே பார்த்தாள். ஒரு மேகம் நின்றது. பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளையாக இருந்திருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இது அடியில் கறுத்திருந்தது.

தை மழை தவிட்டுக்கும் ஆகாது என்பார்கள். தவிட்டைவிட மல்லிக்கு இன்னும் ஆகாது. பிடுங்கிப் போட்ட மல்லி ஒரு நனை நனைந்தால் கறுத்துப்போகும், வாசம் போய்விடும். வாசம் போன மல்லியை வியாபாரி கையில் அள்ளிக்கூடப் பார்க்கமாட்டார். கொக்கனேந்தலில் ஒரு வீட்டு மல்லியும் வீடு வந்து சேர்ந்திருக்கவில்லை. பாதி புஞ்சையில் குவியலாகக் கிடந்தது, பாதி களத்தில் கிடந்தது, மிச்சம் வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று தார் ரோட்டில் விரித்துக் கிடந்தது. ஒரு வருஷத்துப் பாடு அத்தனையும் வானத்துக்குக் கீழே மல்லாந்து கிடந்தது.

மறுநாள் காலையில் தேவிபிரியா அடுத்த வீடியோவுக்காகப் பஸ்ஸேறி வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பால்ச்சாமி வாசலில் வந்து நின்றார்.

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வாங்க ரெண்டு பேரும் கோயிலுக்கு முன்னால. ஊரு கூடியிருக்கு.”

மாரிச்சாமி பல் துலக்கிக்கொண்டிருந்தான். “நான் வண்டியத் தொடச்சிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் வண்டிக்குப் பின்னால் போனான். நல்ல புருஷன்தான். ஊர்க்கூட்டம் என்றால் மட்டும் அவனுக்கு வண்டி துடைக்கிற வேலை வந்துவிடும்.

அம்மன் கோவில் முன்னால் ஆண்களும் பெண்களும் நின்றார்கள். யாரும் தங்கமாரியை உட்காரச் சொல்லவில்லை. எல்லார் பார்வையும் கிழக்கே போய் வந்து அவள் மேல் விழுந்தது.

“வீடியோவ மொதல்ல அழி” என்றார் ஒருவர்.

“அழிச்சா மட்டும்? துபாய் வரைக்கும் போயிருச்சு. இப்ப அங்க பெய்யும், இங்கயும் பெய்யும்” என்றார் இன்னொருவர். சிரிக்க வேண்டிய பேச்சுதான், ஒருவரும் சிரிக்கவில்லை.

தங்கமாரி போனை எடுத்துக் காட்டினாள். “இங்க பாருங்க மாமா. இன்னைக்கும் வெயிலு, நாளைக்கும் வெயிலுன்னுதான் போட்டிருக்கான். சூரியன் படம் போட்டிருக்கு பாருங்க.”

“அவன் எங்க இருந்து பாக்குறான்? நான் எங்க களத்துல இருந்து பாக்குறேன்” என்றார் பால்ச்சாமி. “ஆத்தா, நீ படிச்சவ, டவுனுல வேல பாக்குறவ. ஒன்னைய நான் தப்பாச் சொல்லல. ஆனா முறையின்னு ஒண்ணு இருக்குல்ல? அறுப்பு வேளையில பானையத் தூக்கி வீடு வீடாப் பிச்சை எடுத்து ஒப்பாரி வச்சிருக்கீக. அவரும் என்ன பண்ணுவாரு, காது கேக்காதவரா?” என்று வானத்தைக் காட்டினார்.

தேவிபிரியா பயத்தில் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். பிறகு தமிழுக்கு வந்து, “நான்தான்ணே கேட்டேன்” என்றாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தங்கமாரி போனை இடுப்பில் செருகினாள். மழையைக்கூட அவள் அவ்வளவு நினைக்கவில்லை. இந்த மல்லி நனைந்துவிட்டால் இனி எந்த வீட்டுப் பெண்ணும் தன்னோடு சேர்ந்து ஒரு வரி பாட மாட்டாள் என்பதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் வந்தாலும் புருஷன்மார் விடமாட்டார்கள். சட்டி இருக்கும், போன் இருக்கும், பாட ஆள் இருக்காது. அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது.

“மாமா! அது மழைச்சோறே இல்ல!” என்று கத்தினாள். “மழைச்சோத்துல உப்புப் போடக் கூடாதுல்ல? நான் போட்டேன். தேவிபிரியா குடிச்சுப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லணுமேன்னு, பானையில ஒரு கை உப்ப அள்ளிப் போட்டேன். உப்புப் போட்டாச் செல்லாதுல்ல?”

உண்மைதான். மழைச்சோற்றுக்கு உப்பு ஆகாது. உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக் காட்டினால்தான் இவர்களுக்கு இவ்வளவு கஷ்டமா என்று வானம் இரங்கும். உப்புப் போட்டால் அது வெறும் கஞ்சி. பூமிநாதன் என்கிற கோவில் பூசாரி தலையை ஆட்டி, “அப்பச் சரி. உப்பு விழுந்தா அது முறையில சேராது” என்றார். பால்ச்சாமி முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது. வாழ்நாளில் உப்புப் போட்டதற்காகத் தங்கமாரி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

“நாங்க அதக் குடிக்கல” என்றாள் ஆவுடைத்தாய்.

பின்னால் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். முகத்தில் வெட்கமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது. “இவ உப்ப அள்ளிப் போட்டத நான் பாத்தேன். நடிப்புன்னுட்டாளேன்னு, அதுக்கு முன்னமே ஒரு தூக்குவாளி நெறைய எடுத்துத் தனியா வச்சிருந்தேன். நானும் சங்கரம்மாளும் மத்த பொம்பளைகளும் அந்த உப்பில்லாததத்தான் குடிச்சோம். பானையில இருந்தத டவுனுப் புள்ள மட்டுந்தான் குடிச்சிச்சு.”

“ஏன் மதினி?” என்றாள் தங்கமாரி. “நடிப்புதான்னு சொன்னேனே.”

“நீ சொன்ன. எனக்கு வாயி அப்படி வராது. மழைச்சோறுன்னு சொல்லி வீடு வீடாக் கேட்டு வாங்கிட்டு, உப்புப் போட்டுக் குடிச்சா அது பொய்யில்லையா? பாட்டுல பொய் சொல்ல எனக்குத் தெரியாது. செய்யாம இருக்கலாம், செஞ்சா முறையாத்தான் செய்யணும்.”

அவ்வளவுதான். அடுத்து என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பால்ச்சாமி துண்டை உதறி இடுப்பில் கட்டினார். “ஏலே, என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? உப்பில்லாமக் குடிச்சிருக்காளுக! தார்ப்பாய எடுங்கலே! மாரிச்சாமி எங்க? வண்டிய எடுக்கச் சொல்லு!”

துடைத்த வண்டி அப்படியே புறப்பட்டது. சமுதாயக்கூடத்தைத் திறந்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவைக் கேட்டு வாங்கினார்கள். புஞ்சையில் கிடந்த மல்லி கட்டுக்கட்டாக வண்டியேறியது. ரோட்டில் விரித்ததைப் பெண்கள் கூட்டி அள்ளினார்கள். குதிரைவாலியை மூட்டை பிடித்தார்கள். தங்கமாரியும் சுமந்தாள், ஆவுடைத்தாயும் சுமந்தாள். தேவிபிரியா சுடிதார் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து தூக்காத சுமையைத் தூக்கினாள். ஒவ்வொரு நடைக்கும் யாராவது ஒருவர் தங்கமாரியின் காதில் விழும்படி வைதார்கள். அவள் ‘அம்மா தாயே, பெய்துவிடாதே, பெய்துவிடாதே’ என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே கட்டைத் தூக்கினாள்.

அவள் கெஞ்சியது கேட்டுவிட்டது போலிருந்தது. மத்தியானம் திரும்பியதும் வெயில் அடித்தது. சும்மா அடிக்கவில்லை, சுள்ளென்று அடித்தது. கிழக்கே நின்ற மேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. வானம் கழுவிக் கவிழ்த்த சட்டிபோல இருந்தது. சமுதாயக்கூடத்துக்குள் மல்லி கூரை வரைக்கும் அடைந்து கிடக்க, வெளியே ஊர்க்காரர்கள் வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு பரவியதும் அதில் கோபமும் சேர்ந்துகொண்டது. மல்லி காய வேண்டிய ஒரு நாள் போயிற்று. இடுப்பு போயிற்று. அள்ளியதில் எவ்வளவோ உதிர்ந்தும் போயிற்று. மழை பெய்திருந்தால் தங்கமாரி குற்றவாளி. பெய்யாததால் இப்போதும் தங்கமாரிதான் குற்றவாளி. என்ன நியாயமோ!

பால்ச்சாமி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். “ம். பாத்தாச்சு ஒங்க பாட்ட. உப்புப் போட்டா என்ன, போடாட்டி என்ன. அது ஒரு காலம். இப்ப ஒங்க பாட்டுல ஒண்ணும் இல்லத்தா, வெறும் சத்தந்தான்” என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, “வெயிலு வீணாப் போகுது. எடுத்து விரிங்கலே” என்றார்.

இது தங்கமாரி கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. காலையிலிருந்து இதைத்தான் அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் பாட்டு, வெறும் நடிப்பு. பழி விலகியது, தப்பித்தாள், வீட்டுக்குப் போய்க் கையைக் காலைக் கழுவிவிட்டுப் படுக்கலாம். ஆனால் அந்த வார்த்தை பால்ச்சாமி வாயிலிருந்து வந்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. திரும்பி ஆவுடைத்தாயைப் பார்த்தாள். ஊரெல்லாம் வையும்போது நிமிர்ந்து நின்றவள், இப்போது சுவரோரம் தலையைக் குனிந்து முந்தானையில் ஒட்டிய மல்லித் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டித் தட்டி அது போன பிறகும் தட்டினாள். சங்கரம்மாள் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இரண்டு பேர் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு சமுதாயக்கூடத்து வாசலுக்கு வந்தார்கள். தங்கமாரி போய் நடுவாசலில் நின்றுகொண்டாள்.

“யாரும் எடுக்கக் கூடாது.”

“ஏய், வழிய விடு.”

“விட மாட்டேன். மாமா, ஒங்களுக்குத்தான் சொல்றேன். நடிப்புன்னு சொன்னது நானு. எம்மதினி நடிக்கல. ஒங்க அண்ணன் மகதான அவுக? உப்பில்லாமக் குடிச்சு, ஊருக்காக மாரடிச்சு அழுதிருக்காக. காலையில அதுக்குப் பயந்து எல்லாத்தையும் அள்ளுனீகள்ல? பொழுது சாயிறதுக்குள்ள அது வெறும் சத்தமாப் போச்சா? கூப்புட்டிருக்கோம். வரும். இன்னைக்கு ஒரு ராத்திரி உள்ளயே கெடக்கட்டும். வராட்டி நாளைக்கு இத்தனையையும் நானே தலையில சொமந்து களத்துல விரிக்கிறேன். அதுக்கப்புறம் கரிசச் சட்டியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. பாட்டுன்னு வாயத் தொறக்க மாட்டேன். இது போதுமா?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. தலைக்கு மேலே வானம் நீலமாகப் பளபளத்தது. தேவிபிரியா, “அக்கா…” என்று மெல்லக் கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறிவிட்டாள்.

பால்ச்சாமி பீடியைத் தரையில் நசுக்கினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாதாடித் தோற்பவரல்ல அவர். ஆனால் சுமந்த களைப்பில் மறுபடி சுமக்க யாருக்குமே தெம்பில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. “சரி, கெடக்கட்டும்” என்றார். “நாளைக்கு நீயே சொமக்கணும். பேச்சு மாறக் கூடாது.”

வாசலிலேயே உட்கார்ந்தாள் தங்கமாரி. ஆவுடைத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் பெய்துவிடாதே என்று கெஞ்சியவள் இப்போது கெஞ்சியது வேறு மாதிரி. ஒரே நாளில் ஒரே சாமியிடம் இரண்டும் கேட்டால் அந்தச் சாமிதான் என்ன செய்யும்? நாலு மணி பஸ் போனது. மாடுகள் திரும்பின. வானத்தில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை.

பொழுது இறங்குகிற நேரத்தில் காற்று நின்றது. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. உடம்பெல்லாம் புழுங்கியது. எறும்புகள் சமுதாயக்கூடத்துப் படியில் வரிசையாக மேலே ஏறின. ஆவுடைத்தாய் அதைப் பார்த்தாள், தங்கமாரியும் பார்த்தாள். இருவரும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கலைந்துபோகும் என்று பயம். பிறகு கிழக்கே, பந்தல்குடி பக்கமாக, ஒரு இருட்டு எழும்பியது. அது நடந்து வரவில்லை, ஓடி வந்தது. முதலில் புழுதி வந்தது, அதற்குப் பின்னால் மண்வாசம் வந்தது, அதற்கும் பின்னால் ஓட்டுக்கூரைகளைத் தடதடவென்று அடித்துக்கொண்டு மழை வந்தது.

என்ன மழை! தை மாதத்தில் அப்படி ஒரு மழையைக் கொக்கனேந்தல் கண்டதில்லை. ரோட்டில் தண்ணீர் ஓடியது. களத்தில் தண்ணீர் நின்றது. காலையில் மல்லி விரித்துக் கிடந்த இடமெல்லாம் குட்டையாகிவிட்டது. வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்து, சமுதாயக்கூடத்துக்குள்ளேயும் பள்ளிக்கூட வராந்தாவிலும் போய்ப் பார்த்தார்கள். கட்டுகளைத் தொட்டுப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள். ஒரு கட்டு நனையவில்லை. வாசம் அப்படியே இருந்தது. மாரிச்சாமி எல்லாருக்கும் முன்னால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “காஞ்சு கெடக்குடீ! காஞ்சு கெடக்கு!” என்று பெண்டாட்டியின் தோளைப் பிடித்து ஊருக்கு முன்னால் உலுக்கினான்.

தங்கமாரி அழுதாள். ஏங்கி ஏங்கி, மூக்கு ஒழுக, மழைச்சோறு அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள்.

“இவ்வளவு நிச்சயமாச் சொன்னியே, ஒனக்கு எப்படிடீ தெரியும் வரும்னு?” என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

“எனக்கென்ன தெரியும் மதினி! காலையில வந்துருமோன்னு செத்தேன். மத்தியானத்துக்கு மேல வராமப் போயிருமோன்னு செத்தேன்.”

ஆவுடைத்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. எங்கிருந்தோ சங்கரம்மாள் நனைந்துகொண்டே ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தேவிபிரியா கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கத்தினாள். அது என்னவென்று யாருக்கும் புரியாவிட்டாலும் சந்தோஷம் என்று புரிந்தது.

பால்ச்சாமி கொஞ்சம் தள்ளி, கூரை விளிம்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் போன் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து சம்பந்தி. அங்கே வெயிலை நம்பி விரித்தது விரித்தபடி கிடந்ததாம், எல்லாம் போயிற்றாம். “எடுத்து வச்சிருக்கலாம்ல மச்சான்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். தலை, மீசை, துண்டு எல்லாம் சொட்ட, பெண்கள் இருந்த இடத்துக்கு வந்தார்.

தங்கமாரி எழுந்து நின்றாள். மல்லி தப்பித்துவிட்டது, சரி. ஆனால் தாத்தா காலத்திலிருந்து ஊரில் சொல் எடுபடுகிற குடும்பத்து மனுஷர், காலையில் வைததற்கும் மத்தியானம் வைததற்கும் சேர்த்து இப்போது என்ன சொல்லப் போகிறாரோ? இனிப் பாடவே கூடாது என்று கோவிலில் வைத்துச் சொல்லிவிட்டால் அதை மீற ஊரில் ஆள் கிடையாது.

அவர் அவளைப் பார்க்கவில்லை, தன் அண்ணன் மகளைப் பார்த்தார். “ஏத்தா ஆவுடை. கண்மாயி மடையத் தொறக்கணும்னா ஊரக் கேக்காமத் தொறப்போமா?”

“மாட்டோம் சித்தப்பா.”

“அது மாதிரித்தான் இதுவும். நீங்க பாட்டுக்குத் தொறந்துவிட்டுட்டுப் போனீகன்னா ஊரு என்னத்துக்காகும்? இனிமே இந்தப் பாட்ட எடுக்கறதா இருந்தா ஊரக் கூட்டிக் கேட்டுட்டுப் பாடுங்க. மத்த பாட்டெல்லாம் ஒங்க இஷ்டம். ஆடி வரட்டும். காலம் பாத்துச் சொல்றோம். அப்பப் பானைய எடுங்க, நானும் கஞ்சி ஊத்துறேன்.”

மழை கொஞ்சமும் குறையாமல் அடித்துக்கொண்டிருந்தது. தங்கமாரி கதவைப் பிடித்துக்கொண்டாள். நல்லாருக்கு என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பாட்டை மடைக்குச் சமமாக இதுவரை யாரும் வைத்ததில்லை.

“கேக்குறோம் மாமா” என்றாள். “கேட்டுட்டுத்தான் பாடுவோம்.”